கூட்டுக் கொட்டிலில் தாய் முயல்களும் அவற்றின் குட்டிகளும்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குப் புறத்தே, தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் சித்தூர் வட்டத்தில், சிறிதளவே நிலமுள்ள குடும்பங்கள் பல உள்ளன. இத்தகைய குடும்பத்திற்கு ஏற்ற சிறு தொழில்களுள் முயல் வளர்ப்பும் ஒன்று. இதற்கு வேண்டிய முதல் சிறிது; இடமும் சிறிது. வேலியோரத்து முள்முருங்கைத் தழையும் அகத்தியும் தீவனத்தின் ஒரு பகுதியாகும். ஆயினும், தொடங்கிய ஓராண்டிற்குள் இத்தொழிலைக் கைவிடுவோரும் உண்டு. “முயல்கள் நன்றாகவே ஈனுகின்றன, ஆனால் குட்டிகள் தங்குவதில்லை” என்பதே அவர்கள் கூறும் குறை. பூனையையும் பாம்பையும் கண்ணேற்றையும் காரணமாகச் சொல்வர். கூர்ந்து நோக்குமிடத்து, பல தாய் முயல்களை ஒரே கொட்டிலில் ஈன விடுவதே இவ்விழப்பிற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பதைக் காணலாம்.

காட்டு முயலும் வீட்டு முயலும்

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்துதல் நலம். நம் வயல்வெளிகளில் துள்ளியோடும் காட்டு முயல் வேறு. கூண்டில் வளர்க்கப்படும் வீட்டு முயல் வேறு. காட்டு முயலின் குட்டிகள் திறந்த வெளியிலேயே, உடலில் உரோமத்துடனும் திறந்த கண்களுடனும் பிறக்கின்றன. ஐரோப்பாவிலிருந்து வந்த வீட்டு முயலோ, நிலத்தடியில் வளை தோண்டி வாழ்ந்த இனத்தின் வழி வந்ததாகும். அதன் குட்டிகள் உரோமமின்றி, கண் திறவாமல் பிறக்கின்றன. கண் திறப்பதற்குப் பத்து முதல் பன்னிரண்டு நாட்கள் ஆகும். அதுவரை அவற்றுக்குப் போர்வையும் காவலும் கூடு ஒன்றே. (காட்டு முயலைப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும் என்பதையும் மாணவர்களுக்கு எடுத்துரைத்தல் வேண்டும்.)

கூட்டைத் தாய் முயல் தானே அமைக்கிறது. ஈனும் நாள் நெருங்கும்போது தன் மார்பிலும் வயிற்றிலுமுள்ள உரோமத்தைப் பிடுங்கிப் புல்லுடன் சேர்த்து மெத்தையாக்குகிறது. ஈன்ற பின்னர் அது குட்டிகளுடன் படுத்திருப்பதில்லை. பெரும்பாலும் நாளொன்றுக்கு ஒரே முறை கூட்டினுள் சென்று, மூன்று அல்லது நான்கு நிமிடங்கள் மட்டுமே பாலூட்டி வெளியேறிவிடும். இதனை அறியாதோர், தாய் குட்டிகளைக் கைவிட்டது எனக் கருதிக் கூட்டைக் கலைப்பதுண்டு. குட்டிகளின் வயிறு நிறைந்து, அவை அமைதியாக உறங்குமாயின் குறையொன்றும் இல்லை எனக் கொள்க.

ஒரு கூட்டில் இரு தாய்கள்

ஆஸ்திரேலியாவில் 1950-களிலும் 1960-களிலும் முயல்களின் சமுதாய வாழ்வை ஆராய்ந்த மைக்கிட்டோவிச் என்னும் விஞ்ஞானி, கூட்டமாக வாழும் பெண் முயல்களிடையே வலியது, மெலியது என்னும் படிவரிசை இருப்பதைக் கண்டறிந்தார். வலிய முயல்கள் பொது வளையினுள் நல்ல இடத்தைக் கைப்பற்றுகின்றன. மெலியவை அதற்கு அப்பால் தனியே குழி தோண்டி ஈனுகின்றன. திறந்த நிலத்தில் மெலிய முயலுக்கு விலகிச் செல்ல வழியுண்டு. நான்கு சுவர்களுக்குள் அவ்வழி இல்லை. கொட்டிலில் நேரும் துன்பங்களுக்கு இதுவே மூலம். அவற்றை மூவகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, இரண்டு முயல்கள் ஒரே பெட்டியில் ஈனுதல். நான்கு நாட்கள் முன்பின்னாகப் பிறந்த குட்டிகள் ஒன்றாகக் கிடப்பின், மூத்தவை பாலை முந்திக் குடித்துவிடும். இளையவை மிதியுண்டு மடியும்.

இரண்டாவது, சண்டை. ஈனும் தறுவாயிலுள்ள முயல் தன் கூட்டை அணுகும் மற்றொன்றைக் கடிக்கும். சில வேளைகளில் பிறிதொன்றின் குட்டிகளைக் கடித்துக் கொல்லவும் செய்யும். கூட்டு வளர்ப்பு நன்கு வேரூன்றிய சுவிட்சர்லாந்தின் பண்ணைகளிலேயே, தாய் முயல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காயமுற்றிருந்ததாக 2013-இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது.

மூன்றாவது, பொய்ச்சினை. பெண் முயலுக்குக் கருமுட்டை தானாக வெளிப்படுவதில்லை. இணைசேர்ந்த பின் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரத்திலேயே வெளிப்படுகிறது. முயல்களை வேட்டையாட ஐரோப்பியர் பழக்கிய, கீரியை ஒத்த ஃபெரட் என்னும் பிராணியிடமும் இவ்வியல்பு உண்டு. ஒன்றாக அடைக்கப்பட்ட பெண் முயல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது, ஆண் முயல் இன்றியே கருமுட்டை வெளிப்பட்டுவிடலாம். அம்முயல் சுமார் 16 முதல் 18 நாட்கள் சினையுற்றது போல் நடந்துகொள்ளும். உரோமம் பிடுங்கிக் கூடும் கட்டும். ஆனால் குட்டி இராது. அந்நாட்கள் வீணாவதுடன், கூட்டுக்கான போட்டியும் மிகும்.

ஆண் முயலையும் உடன் அடைத்துவிட்டால் நிலைமை மேலும் மோசமாகும். ஈன்ற சில மணி நேரத்திலேயே தாய் மீண்டும் சினையாகக்கூடும். பாலூட்டும் பாரமும் கருவின் பாரமும் ஒருசேரத் தாக்க, சில ஈற்றுகளிலேயே அது மெலிந்துவிடும். அன்றியும், எந்த நாளில் எது ஈனும் என்பதைக் கணக்கிட இயலாமற் போகும்.

கைக்கொள்ள வேண்டிய முறை

கொட்டில் பொதுவாக இருக்கலாம். கூடு பொதுவாக இருத்தல் ஆகாது. இதுவே நினைவிற் கொள்ள வேண்டிய விதி. சினைக்காலத்தின் முற்பகுதியில் மூன்று நான்கு பெண் முயல்கள் சேர்ந்திருப்பதால், இடமும் தீவனத் தொட்டியும் மிச்சமாகின்றன. அவற்றுக்கு ஓடியாட இடமும் கிடைக்கிறது. ஈனும் காலத்தில் மட்டும் ஒவ்வொன்றும் தனித்திருத்தல் வேண்டும். அதற்குரிய நாட்கணக்கு வருமாறு:

இணைசேர்க்கும் நாள்: பெண் முயலை ஆண் முயலின் கூண்டிற்குக் கொண்டு செல்க. ஆணைப் பெண்ணின் இடத்தில் விட்டால், அது தாக்கப்படும். நாளைப் பலகையில் குறிக்க.

12 முதல் 14-ஆம் நாள்: வயிற்றை மெல்லத் தடவிச் சினையை அறிக. பழகாதோர் கால்நடை மருத்துவரிடம் கற்றுக்கொள்ளல் நலம்.

27-ஆம் நாள்: தனிக் கூண்டிற்கு மாற்றி, சுமார் 50 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஈனும் பெட்டியில் உலர்ந்த புல் இட்டு வைக்க.

30 முதல் 32-ஆம் நாள்: முயல் ஈனும். மறுநாள் காலை கையைத் தூய்மை செய்துகொண்டு பெட்டியைப் பார்வையிட்டு, இறந்த குட்டிகளை அகற்றுக. கூண்டின் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது.

ஈன்ற 20-ஆம் நாள் அளவில் குட்டிகள் தாமே வெளியேறிப் புல்லைக் கொறிக்கத் தொடங்கும். ஐந்தாம் வாரத்தில் பால் மறக்கச் செய்யலாம். மூன்று மாதம் நிரம்புமுன் ஆண், பெண் குட்டிகளைப் பிரித்துவிடுதல் வேண்டும்.

இருமுயல்களை ஒரே நாளில் இணைசேர்ப்பதால் ஒரு பெரு நன்மை உண்டு. ஒன்று பத்துக் குட்டிகளும் மற்றொன்று நான்கும் ஈன்றால், முதல் மூன்று நாட்களுக்குள் சிலவற்றை மாற்றி வைத்துச் சமன்செய்யலாம். தாய்க்கு எட்டு முதல் பத்துக் காம்புகளே உண்டு. அதற்கு மேற்பட்ட குட்டிகள் பட்டினியுறும். குட்டிகள் இளமையாய் இருப்பின் தாய் பெரும்பாலும் அவற்றை ஏற்கும். பல முயல்களை ஒருங்கே வளர்ப்பதன் உண்மையான ஆதாயம் இதுவேயாகும்.

மீண்டும் ஒன்று சேர்க்கும்போது, ஏற்கெனவே ஒரு முயல் குடியிருக்கும் இடத்தில் மற்றதை விடலாகாது. தூய்மை செய்த புதிய கொட்டிலில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விட்டு, ஒளிந்துகொள்ள மரப்பலகைகளோ குழாய்த் துண்டுகளோ வைத்து, மூன்று நாட்கள் கவனித்து வருக. ஓயாது கடிக்கும் முயலைத் தனியே வைத்தலே முறை.

சித்தூரின் வெப்பம்

மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம், கொடைக்கானல் மலையின் மன்னவனூரில் 1965 முதல் இயங்கி வருகிறது. இடுக்கி மாவட்ட எல்லைக்கு அண்மையிலுள்ள அக்குளிர்ப் பகுதியில் இறைச்சி முயல்கள் செழித்து வளர்கின்றன. அவ்வினங்கள் சித்தூர்ச் சமவெளிக்கு வரும்போது, கோடையின் கடும் வெப்பத்தைத் தாங்க நேரிடுகிறது. முயலுக்கு வியர்த்துத் தணியும் ஆற்றல் இல்லை. வெப்பம் 30 டிகிரி செல்சியசைக் கடந்தால் ஆண் முயலின் விந்து வளம் குன்றும். அது மீளப் பல வாரங்கள் ஆகும். ஆகவே பங்குனி, சித்திரை மாதங்களில் இணைசேர்ப்பதைக் குறைத்து, மழை தொடங்கிச் சில வாரங்கள் கழிந்தபின் மீண்டும் தொடங்குதல் நன்று. கூரைமீது பனையோலை வேய்தலும், நண்பகலில் ஈரச் சாக்கினைத் தொங்கவிடுதலும் செலவில்லாத உபாயங்கள். நெருக்கமாக அடைக்கப்பட்ட கொட்டிலில் வெப்பம் மேலும் கூடும் என்பதையும் மறத்தலாகாது.

களப் பணியாளர் ஒரு வீட்டிற்குச் செல்லும்போது, “எத்தனை முயல்கள் உள்ளன?” என்பதற்கு முன்னதாக, “எத்தனை ஈனும் பெட்டிகள் உள்ளன?” என்று வினவுவாராக. ஆசிரியர்கள் மேற்கூறிய நாட்கணக்கை மாணவர்களைக் கொண்டு ஒரு அட்டையில் எழுதுவித்து, முயல் வளர்க்கும் வீடுகளில் தொங்கவிடச் செய்யலாம். மூன்று தாய் முயல்களை நம்பி முதலிட்ட குடும்பத்திற்கு, ஓர் ஈற்று முழுவதும் அழிவது சிறிய இழப்பன்று. அதனைத் தடுக்க வேண்டுவன ஒரு மரப்பெட்டியும் ஒரு நாட்குறிப்புமே.