தளபதியும் வாக்குச்சீட்டும்



புத்தளக் கரையோரப் பாடசாலையொன்றில் குடியியற் பாடம் நடந்துகொண்டிருந்தபோது, மாணவனொருவன் வினவினான்: "ஐயா, போரை நடத்திய தளபதிக்கே வடக்கு, கிழக்குத் தமிழர் வாக்களித்தது எவ்வாறு?" 1990 ஒக்டோபரில் வடக்கினின்று வெளியேற்றப்பட்டு இக்கரைக்கு வந்த குடும்பத்தின் பேரன் அவன். அவ்வினாவுக்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

1950 இல் அம்பலாங்கொடையிற் பிறந்த சரத் பொன்சேகா, 1970 இல் இராணுவத்திற் சேர்ந்து, 2005 டிசெம்பரில் அதன் தளபதியானார். 2006 ஏப்ரலில், கொழும்பு இராணுவத் தலைமையகத்துள் நிகழ்ந்த தற்கொலைத் தாக்குதலிற் படுகாயமுற்று உயிர் தப்பினார். 2009 மே மாதத்தில் போர் முடிவுற்றது. அதன் இறுதி மாதங்களில் மடிந்த பொதுமக்கள் பற்றிய கேள்வி இன்றும் ஓயவில்லை. அவ்வாண்டு நவம்பரில் அவர் பதவி துறந்து எதிரணியின் பொது வேட்பாளரானார்.

2010 ஜனவரி 26 ஆம் நாள் நடந்த தேர்தலில் மகிந்த இராசபக்ச வென்றார். பொன்சேகாவுக்குக் கிடைத்தவை நூற்றுக்கு ஏறக்குறைய 40 வாக்குகள். ஆயினும் யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, திருகோணமலை, திகாமடுல்லை, நுவரெலியா ஆகிய ஆறு மாவட்டங்களில் அவரே முன்னின்றார். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் அவரை ஆதரித்திருந்தது. போரை நடத்திய அரசின் தலைவர் ஒருபுறம், படையின் தலைவர் மறுபுறம். அவ்விருவரே முதன்மைப் போட்டியாளர். ஆகவே, அவ்வாக்கைத் தளபதிக்குச் சூட்டிய மாலையாகக் கொள்ளலாகாது. ஆட்சி மாற்றத்தை நாடியோரின் குரலென்று கொள்வதே பொருந்தும். யாழ்ப்பாணத்தில் வாக்களித்தோர் மிகச் சிலரே என்பதையும் மறத்தலாகாது.

தேர்தல் முடிந்து இரு வாரங்களுள் அவர் கைதானார். இராணுவ நீதிமன்றம் அவரது பதவிநிலையைப் பறித்துச் சிறைத்தண்டனையும் விதித்தது. 2012 மே மாதம் விடுதலையானார். 2015 இல் ஆட்சி மாறியதும் பொதுமன்னிப்புப் பெற்று, நாட்டின் முதலாவது பீல்ட் மார்சலுமானார்; மறு ஆண்டு அமைச்சரானார். எனினும் 2024 இல் மீண்டும் சனாதிபதித் தேர்தலில் நின்றபோது, மிகச் சொற்ப வாக்குகளே பெற்றார்.

பாசறையிலே கட்டளைக்குக் கீழ்ப்படிதல் கடமை. வாக்குச்சாவடியிலோ எவரும் எவருக்கும் கட்டளையிட இயலாது. நேற்றைய வெற்றி நாளைய வாக்கிற்கு உறுதிச்சீட்டும் அன்று. அம்மாணவனுக்கு யான் கூறிய விடை இதுவே. அவனும் விரைவில் வாக்காளனாவான். வாக்களிக்குமுன் இவ்வாறே வினவுவானாக.