அண்டா ஏறிய வழியும் ஆசிரியர் ஏறாத படியும்

சில மாதங்களுக்கு முன் ஒரு பங்கின் சமூகக் கூடத்தில் நடைபெற்ற திருமண விருந்திற்குச் சென்றிருந்தோம். கூடம் புதிதாக எழுப்பப்பட்டது. பளபளக்கும் தரை, கண்ணாடிச் சன்னல்கள், முகப்பில் உபயகாரர் பெயர் பொறித்த கல், அக்கல்லுக்குக் கீழே ஏழு படிகள். அந்த ஏழு படிகளே இக்கட்டுரையை எழுதத் தூண்டின.

விருந்திற்கு வந்தவருள் ஒருவர், அப்பங்கில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறுவர்க்கு மறைக்கல்வி புகட்டிய முதிய ஆசிரியர். மணமகனே அவரிடம் பயின்று புதுநன்மை பெற்றவன்தான். பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலற்றுப்போய், இப்பொழுது சக்கர நாற்காலியில் வாழ்கிறார். படிகளின் கீழே நாற்காலி நின்றது. இளைஞர் நால்வர் ஓடி வந்து, "ஐயா, நீங்க சும்மா உட்காருங்க, நாங்க பார்த்துக்கிறோம்" என்று நாற்காலியோடு அவரைத் தூக்கினர். அன்பு மிக்க பிள்ளைகள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், நாற்காலி ஒருபுறம் சாய்ந்தபோது அவர் இடக்கையால் வேட்டியை இறுகப் பற்றிக்கொண்டதையும், கூடியிருந்தோர் பார்வை எல்லாம் தம்மீது விழுவதை உணர்ந்து கண்களை மூடிக்கொண்டதையும் நாம் கண்டோம்.

விருந்து முடிந்து அவ்வாறே கீழிறக்கப்பட்டபின், அவர் புன்னகையோடு கூறினார்: "தம்பிகளா, இனிமே என்னை நாலு பேர் தூக்க வேண்டியது ஒரே ஒரு நாள்தான். அதுவரைக்கும் நான் வீட்டிலேயே இருந்துக்கிறேன்." இளைஞர்கள் சிரித்தனர். அவரும் சிரித்தார். அதன்பின் அவர் அக்கூடத்திற்கு வரவே இல்லை என்று அறிகிறோம்.

கை கழுவக் கூடத்தின் பின்புறம் சென்றபோது இன்னொன்றைக் கண்டோம். அங்கே சிமெண்டால் ஒரு சாய்தளம் அமைத்திருந்தார்கள். சோற்று அண்டாக்களைச் சக்கர வண்டியில் வைத்துச் சமையற்கட்டிலிருந்து உள்ளே தள்ளிச் செல்வதற்காம்! அண்டா ஏற வழி நினைத்தவர்களுக்கு, ஆள் ஏற வழி நினைக்கத் தோன்றவில்லை. "ஐயாவை இவ்வழியாக அழைத்து வந்திருக்கலாமே?" என்று மணமகனின் தந்தையாரிடம் கேட்டோம். அவர் பதறிப்போனார். "வாத்தியாரைப் போய் அடுப்படி வழியாவா கூட்டிட்டு வர்றது? அவர் என்ன நினைப்பாரு?" என்றார். அவர் கூறியதும் நியாயமே. முன்வாயிலில் தூக்கப்படுவதும் கூச்சம், பின்வாயிலில் நுழைவதும் கூச்சம். எல்லாரும் ஏறும் வழியிலேயே அவரும் ஏறுவது ஒன்றுதான் அவருக்குரிய வழி. அப்படியொரு கட்டடம் எங்கேனும் உண்டா என்று வாசகர்கள் வினவலாம். உண்டு. செல்வம் கொழிக்கும் மேனாட்டு நகரத்தில் அன்று. நம் அண்டை நாடாகிய வங்காளதேசத்தின் ஒரு சிற்றூரில்.

அந்நாட்டின் வடபகுதியில், தினாஜ்பூர் மாவட்டத்தில், ருத்ராபூர் என்பது அவ்வூர். வயல்கள் சூழ்ந்தது; மண்சுவர் வீடுகள் நிறைந்தது. அங்கே 'ஆனந்தாலய்' என்னும் பெயரில் இரண்டு தளங்கள் கொண்ட ஒரு பொதுக் கட்டடம் நிற்கிறது. வங்கமொழிச் சொல்லாயினும் நமக்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. கீழ்த்தளத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான சிகிச்சையும் பயிற்சியும் நடைபெறுகின்றன. மேல்தளத்தில் ஊர்ப் பெண்கள் அமர்ந்து துணி தைக்கும் தையற்கூடம். முதலில் சிகிச்சை நிலையம் ஒன்றே திட்டமிடப்பட்டிருந்தது. சிகிச்சைக்கென்று மட்டும் ஒரு வீட்டைக் கட்டினால், அதற்குள் வருவோர் ஊரிலிருந்து பிரிந்தே நிற்பர் என்று கருதித் தொழிற்கூடத்தையும் அதன்மேல் சேர்த்தனர். நோயாளிகளுக்கென ஒரு வாயில், உழைப்பாளிகளுக்கென வேறு வாயில் என்ற பிரிவினை அங்கே எழவில்லை.

இக்கட்டடத்தைக் காண்பவர் கண்ணில் முதலிற் படுவது அதன் சாய்தளம். ஒரு மூலையில் ஒதுக்கப்பட்டதன்று அது. அகன்று, வளைந்து, கட்டடத்தின் உடலோடு உடலாகச் சுற்றி மேல்தளத்திற்கு ஏறுகிறது. அதன் அடியில் குகை போன்ற சிறு இடங்கள் உள்ளன. பிள்ளைகள் புகுந்து விளையாடவும் ஒண்டிக்கொள்ளவும் ஏற்றவை. சாய்தளம் என்பதையே கண்டறியாத வட்டாரம் அது. ஆகையால் வருவோர் போவோர் எல்லாரும், "இது எதற்காக?" என்று வினவத் தொடங்கினார்களாம். வினாவுக்கு விடை கூறும்போது, நடக்க இயலாத பிள்ளைகளைப் பற்றிய பேச்சும் ஊரில் வெளிப்படையாக எழுந்தது. இது சிறிய காரியமன்று. ஊனத்தோடு பிறந்த குழந்தையை இறைவன் அளித்த தண்டனை என்றோ முன்வினைப் பயன் என்றோ கருதி, வீட்டிற்குள் மறைத்துவைக்கும் வழக்கம் அப்பகுதியில் உண்டு. நம்மிடையே அது அறவே இல்லை என்று சொல்லத் துணிவோமா? பிறவியிலேயே பார்வையற்றவனைக் கண்ட சீடர்கள், யார் செய்த பாவம் என்று ஆண்டவரிடம் கேட்டதை யோவான் நற்செய்தியில் வாசித்துக்கொண்டே, அதே கேள்வியைத் தாழ்ந்த குரலில் கேட்கும் உறவினர்களை நாம் அறிவோம்.

ஆனந்தாலயை வடிவமைத்தவர் அன்னா ஹெரிங்கர் என்னும் ஜெர்மானியப் பெண்மணி. 1977-இல் பிறந்த இவர், தமது 19-ஆம் வயதில் வங்காளதேசம் வந்து, 'தீப்ஷிகா' என்னும் தொண்டு நிறுவனத்தோடு ஏறத்தாழ ஓராண்டு தங்கியிருந்தார். வெளியிலிருந்து பொருளைக் கொண்டுவந்து கொட்டுவதைவிட, ஊரில் உள்ளதை நன்கு பயன்படுத்துவதே மேல் என்னும் பாடத்தை அங்கேதான் கற்றார். பின்னர்க் கட்டடக் கலை பயின்று, அதே ருத்ராபூரில் மண்ணாலும் மூங்கிலாலும் 'மெட்டி' என்னும் பள்ளியை எழுப்பினார். அப்பள்ளிக்கு 2007-இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. அடுத்து எழுந்த ஆனந்தாலய்க்கு 2020-இல் டென்மார்க்கின் ஓபெல் விருதும், அதனோடு ஒரு லட்சம் யூரோ பரிசும் கிடைத்தன. ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரிலுள்ள ஆயிரம் ஆண்டுப் பழைமை வாய்ந்த பேராலயத்திற்கு, மார்ட்டின் ரௌஹ் என்னும் மண்கலை வல்லுநரோடு சேர்ந்து, மண்ணை இடித்து இறுக்கிய பலிபீடம் ஒன்றை அமைத்தவரும் இவரே.

மண் என்றவுடன் முகம் சுளிப்போர் உண்டு. 'மழைக்குக் கரையாதா?' என்பர். கரையும், காப்பில்லாவிட்டால் கரையத்தான் செய்யும். அவ்வூரின் பழைய வீடுகள் பல அடித்தளம் சரியில்லாமல், தரையீரம் ஏறி, மழைச்சாரல் அடித்துச் சிதைந்தன. இதனை மெட்டி பள்ளி கட்டியபோதே கவனித்தார்கள். மண்சுவருக்குக் கீழே செங்கல் அடித்தளம், அதன்மேல் ஈரம் ஏறாமல் தடுக்கும் ஒரு படலம், மேலே சுவரை விட்டு நன்கு வெளியே நீண்ட கூரை. இம்மூன்றும் சேர்ந்தபின் மண்சுவர் உறுதியாக நின்றது. களிமண்ணில் வைக்கோலைக் கலந்து, மாடுகளைக் கொண்டு மிதிக்கச் செய்து, கட்டி கட்டியாக அள்ளி வைத்து ஏறக்குறைய இரண்டடி உயரத்திற்கு ஒரு படை எழுப்புவர். சில நாள் காய்ந்தபின் கூரிய மண்வெட்டியால் பக்கங்களைச் செதுக்கி நேராக்குவர். நன்கு இறுகியதும் அடுத்த படை. நம் பாட்டனார் காலத்தில் மண்சுவர் வைத்தவர்களுக்கு இதில் புதுமை ஏதும் இராது. இம்முறைக்குப் பலகை அடைத்து வார்க்க வேண்டியதில்லை. சுவர் கையாலேயே உருவாகிறது. அதனால்தான் ஆனந்தாலயின் சுவர்கள் பெட்டி போலின்றி, ஆற்றங்கரை வளைவதுபோல் வளைய முடிந்தது. நேர்கோட்டில் வார்க்கும் கான்கிரீட்டுக்கு ஒவ்வொரு வளைவும் கூடுதல் செலவு. மண்ணுக்கு அப்படியில்லை.

செலவிட்ட பணம் எங்கே போயிற்று என்பதும் நோக்கத்தக்கது. சிமெண்டும் இரும்பும் வாங்கினால் பணம் ஊரைவிட்டு வெளியேறும். மண்ணும் மூங்கிலும் உள்ளூருக்குரியவை. ஆகவே பணத்தின் பெரும்பகுதி கூலியாக உள்ளூர்க் குடும்பங்களிடமே தங்கியது. ஆணும் பெண்ணும் வேலை செய்தனர். மாற்றுத்திறனாளிகளும் அவர்களுள் இருந்தனர். தங்களுக்கென்று கட்டப்பட்ட சுவரில் தங்கள் கைத்தடமும் பதிந்திருப்பது எத்தகைய மனநிறைவைத் தரும்!

நம் பங்குகளில் எல்லாம் மண்கூடம் கட்ட வேண்டும் என்று நாம் வாதாட வரவில்லை. மண்சுவருக்கு ஆண்டுதோறும் பராமரிப்பு வேண்டும். நகர்ப்புறத்து நெருக்கடியான வளாகத்தில் அது எளிதன்று. நாம் சுட்ட விரும்புவது வேறு. இயற்கையை மதித்துக் கட்டினால் எளியோர்க்கும் அது இசைந்துவிடுகிறது. பளபளக்கும் பளிங்குத் தரையில் ஒரு துளி நீர் சிந்தினால் ஊன்றுகோல் வழுக்கும். சொரசொரப்பான தரையில் அது பற்றி நிற்கும். கண்ணாடியும் கருங்கல்லும் சூழ்ந்த கூடத்தில் ஒலி எதிரொலித்துக் காது மந்தமானவர்க்கு ஒரு சொல்லும் விளங்காது. மூங்கில் தட்டியும் ஓலைப் பாயும் அவ்வொலியைத் தணிக்கும். காற்றோட்டமில்லாத கூடத்தில் மின்சாரம் நின்றால் முதலில் மயங்குபவர் முதியவரும் கைக்குழந்தையுமே. இவற்றையெல்லாம் அறிந்தும், பக்கத்து பங்கில் குளிர்சாதனம் வைத்துவிட்டார்கள் என்பதற்காகச் சன்னல்களை அடைப்போரை என்னென்பது?

சாய்தளக் கணக்கைக் கட்டடக் குழுவினர் முதல் நாளே போட வேண்டும். ஓரடி உயரம் ஏறக் குறைந்தது 12 அடி நீளம் வேண்டும் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. அரையடிப் படிகள் ஏழு என்றால் உயரம் மூன்றரை அடி. சாய்தளம் 42 அடி. இடையிடையே இளைப்பாறச் சமதளமும், திரும்புமிடத்தில் நாற்காலி சுழல ஐந்தடி இடமும், இருபுறமும் கைப்பிடியும் தேவை. வளைவாக அமைத்தால் உட்புற ஓரம் வெளிப்புற ஓரத்தைவிடச் செங்குத்தாகிவிடும். ஆதலால் வளைவு அகலமாயிருத்தல் வேண்டும். வரைபடம் முடிந்து, சுவர் எழுந்து, வளாகம் முழுவதும் சிமெண்ட் கல் பதித்தபின், இத்தனை நீளத்திற்கு எங்கே போவது? அதனால்தான் பல கூடங்களில் சாய்தளம் என்ற பெயரில் ஸ்கூட்டர் ஏற்றும் மேடு ஒன்று நிற்கிறது. அதில் நாற்காலியைத் தள்ளுபவர் கை நழுவினால் என்னாகும் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

உண்மையில் ஏழு படி எதற்கு? வெள்ளம் வருமென்றும், சாலையை ஆண்டுதோறும் உயர்த்துகிறார்களென்றும் சொல்லுவர். அது காரணந்தான். அப்படியாயின் வாயிலை நோக்கி மண்ணை மெல்ல மெல்ல உயர்த்தி, ஓரங்களில் மரம் நட்டு, நிலமே ஏறி வருமாறு செய்யலாம். படியும் வேண்டாம், தனிச் சாய்தளமும் வேண்டாம். ஆனால் முகப்பின் கம்பீரத்திற்கென்றே படி வைப்போரும் உளர். அவர்களிடம் நாம் வாதாடிப் பயன் கண்டதில்லை.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். 2016-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம், அவர்கள் நுழைய இயலாதவாறு வரையப்பட்ட கட்டடத்திற்கு அனுமதியே வழங்கலாகாது என்கிறது. முன்னர் ஊனமுற்றோர் என்று அழைத்தோம். இன்று மரியாதையான பெயர் தந்திருக்கிறோம். பெயரை மாற்றிய அளவுக்குப் படியை மாற்றவில்லை. கப்பர்நாகூமில் முடக்குவாதமுற்றவனைச் சுமந்துவந்த நால்வரை ஆண்டுதோறும் மறையுரைகளில் புகழ்கிறோம். அவர்கள் கூரையைப் பிரிக்க நேர்ந்தது ஏன்? வாயிலை மறைத்து நின்றவர்கள், போதனை கேட்க ஆர்வத்தோடு வந்த நல்ல மனிதர்களே அன்றோ!

சென்ற மாதம் அதே பங்கிற்கு மீண்டும் சென்றோம். பங்குத் தந்தையின் இசைவோடு கட்டடக் குழுவினர் இருவர் அளவு நாடாவுடன் வந்தனர். அன்று நாற்காலியைத் தூக்கிய இளைஞருள் ஒருவர் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். முகப்பின் கிழக்குப் புறத்தில்தான் இடம் இருந்தது. அங்கே ஒரு பழைய வேம்பு. "இதை வெட்டிட்டா நேரா போயிரலாம்" என்றார் ஒருவர். மற்றவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். "வெட்ட வேண்டாம் அண்ணே. சுத்தி வளைச்சா கொஞ்சம் நீளுது, அவ்வளவுதான். ஏறுறவங்க நின்னு மூச்சு வாங்குறதுக்கு அந்த நிழல்லயே சமதளம் வச்சிரலாம்" என்றார். வேம்பைச் சுற்றி வளைத்து அளந்தபோது, சமதளங்களையும் சேர்த்து 57 அடி வந்தது. சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டாயிற்று. செலவுக் கணக்கு அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் வைக்கப்படுகிறது.