வெயில் இருக்கு... வைட்டமின் டி எங்கே?

சூலூரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால், நூற்பாலையில் பகல் ஷிப்ட் பார்ப்பவர் மேல் அது படுவதே இல்லை. விடிகாலை வாக்கிங் போனால் போதாதா?

போதாது என்கிறது ஹார்மோன் மருத்துவர் சி.வி.ஹரிநாராயணின் ஆராய்ச்சி. திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் கழகத்தில் இருந்தபோது, வைட்டமின் டி பற்றி ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர் இவர்.

பெயர்தான் வைட்டமின்; வேலையோ ஹார்மோன் வேலை. வெயில் பட்டதும் தோலில் உருவாகி, கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மாற்றமடைந்து, சாப்பாட்டிலுள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்ச வைக்கிறது. குறைந்தால் எலும்பு பலவீனமாகும்.

2007-ல் வெளியான இவரது ஆய்வில், வயலில் உழைப்பவர்களுக்கு நகரவாசிகளைவிட வைட்டமின் டி கூடுதலாக இருந்தது. ஆனாலும் அவர்களிலும் பலருக்குப் போதவில்லை. சாப்பாட்டில் கால்சியமும் குறைவு.

எந்த நேரத்து வெயில் நல்லது? தோலிலுள்ள மூலப்பொருளைக் குப்பிகளில் அடைத்து, திருப்பதி வெயிலில் மணிக்கு மணி வைத்துப் பார்த்தது இவரது குழு. 2013-ல் வெளியான முடிவு: காலை 11 முதல் பகல் 2 மணி வரைதான் வைட்டமின் டி அதிகம் உருவாகிறது.

எனவே, மதியச் சாப்பாட்டு இடைவேளையில் சில நிமிடங்கள் கைகால்களில் வெயில் படட்டும். எலும்பு வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகத்தைப் பாதிக்கும்.