லேசிக் செய்துகொண்டவரா? பழைய ரிப்போர்ட்டைத் தொலைத்துவிடாதீர்கள்!

இளமையில் லேசிக் சிகிச்சை செய்து கண்ணாடியைக் கழற்றியவர்களுக்கும் வயதானால் கண்புரை வரும். அப்போதுதான் ஒரு சிக்கல் எழுகிறது.

புரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் பவரை முடிவுசெய்ய, கருவிழியின் வளைவைத் துல்லியமாக அளக்க வேண்டும். கண்ணின் மொத்த பவரில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கருவிழியுடையது.

வழக்கமான கெரட்டோமீட்டர் கருவிழியின் முன்பக்கத்தை மட்டுமே அளக்கும். பின்பக்க வளைவை, 'இவ்வளவு இருக்கும்' என்று ஒரு பொதுவான விகிதத்தில் கணக்கிட்டுக்கொள்ளும். கிட்டப்பார்வைக்குச் செய்யும் லேசர், முன்பக்கத்தைத் தட்டையாக்குகிறது. பின்பக்கமோ ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அதனால் கணக்கு பிசகி, கருவிழியின் பவர் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். அதை நம்பினால், பவர் குறைந்த லென்ஸ் வைக்கப்படும். பிறகு ப்ளஸ் பவர் கண்ணாடி போட வேண்டியிருக்கும்.

இதற்குத் தீர்வு உண்டு. பென்டாகேம், ஓ.சி.டி. போன்ற கருவிகள் பின்பக்கத்தையும் அளக்கின்றன. லேசர் செய்த கண்களுக்கென்றே 'பாரெட் ட்ரூ-கே' போன்ற சூத்திரங்கள் இருக்கின்றன. கண் உலர்ந்திருந்தாலும் அளவு மாறும் என்பதால், முதலில் அதைச் சரிசெய்வது நல்லது.

நீங்கள் செய்ய வேண்டியவை இரண்டுதான். லேசர் செய்துகொண்டதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். லேசருக்கு முந்தைய கண்ணாடி பவர், கருவிழி அளவுகள் உள்ள ரிப்போர்ட்டை இன்றே போட்டோ எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்!