மூளைக்குள் பூஞ்சை: முதுகு ஊசியே பாதி வைத்தியம்

கூடலூர், சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சை விவசாயிக்குப் பூஞ்சை புதிதல்ல. பன்னீர் திராட்சைப் பந்தலில் சாம்பல் நோய் தலைகாட்டினால் மருந்தடிக்க ஆள் தேடுவார். அவரே மூன்று வாரத் தலைவலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பார்.

பெரும்பாலான தலைவலிக்கும் பூஞ்சைக்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் எச்.ஐ.வி. உள்ளவர்கள், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டும். புறா எச்சம் கலந்த மண்ணில் வாழும் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை மூச்சுவழி நுரையீரலுக்குள் போகிறது. எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் அங்கிருந்து மூளையுறைக்கு ஏறிவிடுகிறது. தலைவலி, காய்ச்சல், வாந்தி, மங்கும் பார்வை, பிறகு தடுமாறும் பேச்சு என்று மெதுவாகத்தான் காட்டும்.

கண்டுபிடிப்பது கடினமல்ல. ரத்தத்திலோ முதுகுத்தண்டு நீரிலோ பட்டைச் சோதனை செய்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சிக்கல் நம் பயத்தில் இருக்கிறது. "முதுகில் நீர் எடுத்தால் கால் விளங்காமல் போயிடும்" என்று சொல்லி நோயாளியை வீட்டுக்கு அழைத்துப் போகிறவர்கள் உண்டு. தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் ஊசி இறங்குகிறது. இந்த நோயில் அது வெறும் சோதனையும் அல்ல. பூஞ்சை அடைத்துக்கொள்வதால் மண்டைக்குள் நீரழுத்தம் ஏறுகிறது. பார்வையைப் பறிப்பதும் உயிரைப் பறிப்பதும் பெரும்பாலும் அந்த அழுத்தமே. நீரை வடித்தால் தலைவலி இறங்கும். சிலருக்குத் தினமும் வடிக்க வேண்டியிருக்கும்.

மருந்து ஆம்போடெரிசின். 1950களில், வெனிசுவேலாவின் ஒரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து எடுத்தது. பூஞ்சையின் செல் அமைப்பு நம்முடையதைப் போன்றது என்பதால் பூஞ்சைக்கு வைக்கும் அடி நம் சிறுநீரகத்திலும் விழும். கொழுப்பு உறைக்குள் பொதிந்த வகையில் அந்தப் பாதிப்பு குறைவு. ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த ஆய்வுக்குப் பின், எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு இதை ஒரே ஒரு பெரிய டோஸாகக் கொடுத்து, புளூசைட்டோசின், புளூகோனசோல் மாத்திரைகளை இரண்டு வாரம் சேர்த்துத் தரும்படி உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. அதன்பின் புளூகோனசோல் மட்டும் மாதக்கணக்கில் தொடரும். தலைவலி போனதும் அதை நிறுத்தினால் நோய் திரும்பும்.

2021இல் பேசப்பட்ட கறுப்புப் பூஞ்சை வேறு இனம். அதற்குப் புளூகோனசோல் கேட்காது. அழுகிய திசுவை வெட்டியெடுக்காமல் மருந்து மட்டும் போதாது.

க.விலக்கு அரசு மருத்துவமனையிலோ வேறெங்கோ டாக்டர் முதுகில் நீர் எடுக்க வேண்டும் என்றால், சந்தேகத்தைக் கேட்டுத் தெளியுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு நோயாளியோடு கிளம்பிவிடாதீர்கள்.