நள்ளிரவில் மறுக்கப்படும் நகல்

சப்ரகமுவ மாகாணத்துத் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் ஒரு தொழிலாளியின் உழைப்பு முதன்முதலில் எழுத்தாவது செக்ரோலில்தான். எத்தனை கிலோ கொழுந்து, எத்தனை கிலோ இறப்பர்ப் பால், விழுந்தது முழுப்பேரா அரைப்பேரா (முழுநாட் கணக்கா அரைநாட் கணக்கா) என்பன அந்த ஏட்டில் ஏறிய பிறகே சம்பளமாகின்றன. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி, அச்சம்பளத்தின்மீது தொழிலாளி 8 வீதமும் நிர்வாகம் 12 வீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குச் செலுத்த வேண்டும். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம், ஐந்து ஆண்டுக்குக் குறையாது உழைத்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு, நிறைவுபெற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட் சம்பளத்தை உரித்தாக்குகிறது. முப்பது ஆண்டு மலையேறிக் கொழுந்து பறித்த ஒரு பெண் தமது ஐம்பதாம் வயதில் சேமலாப நிதியைக் கேட்டுச் செல்லும்போது, கணக்கில் குறை காணப்பட்டால், அவருக்காகப் பேச வல்லது அந்த ஏடுதான். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தந்தை, பாட்டன் முதலிய முன்னோரின் பிறப்புக்குச் சான்று கேட்டபோது, காட்டத் தாளின்றி நின்றோரின் வழிவந்தவர்கள் இம்மக்கள். ஆவணம் தொலைந்தால் என்ன நேரும் என்பதை அவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

இன்று அந்த ஏடு பல தோட்ட அலுவலகங்களில் கணினிக்குள் குடியேறிவிட்டது. கணினி வைக்கப்பட்டிருக்கும் நிலமோ இடர் மிகுந்தது. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகிறது. களு கங்கை பெருகிய 2003 மே மாதமும் 2017 மே மாதமும் அந்நகரத்தார் மறக்க இயலாதவை. கேகாலை மாவட்டத்தில் 2016 மே 17 அன்று அரநாயக்கவில் மலை சரிந்தது. அதே நாட்களில் புளத்கொஹுபிட்டியப் பகுதித் தோட்டத்து லயன்களும் மண்ணுக்குள் போயின. பருவமழைகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் இடிமின்னல் தொலைபேசிக் கம்பி வழி நுழைந்து வழிசெலுத்தியையும் கணினியையும் ஒருங்கே எரித்துவிடுவதும் உண்டு. எனவே, மேசைக் கணினியிலுள்ள தரவின் காப்புநகலை வலையமைப்பில் இணைந்த சேமிப்புப் பெட்டி ஒன்றுக்கு இரவுதோறும் தானாக அனுப்பும் ஏற்பாடு அலுவலகங்களில் பரவி வருகிறது. ஏற்பாடு நல்லதே. ஆயினும் காலையில் திரையைப் பார்த்தால் பலமுறை காணக்கிடைப்பது ஒரே வாசகம்: அணுகல் மறுக்கப்பட்டது.

ஒன்றுக்கொன்று தொடர்பற்ற பல காரணங்களை இவ்வொரு வாசகம் மூடி மறைக்கிறது. வாசகத்தைவிட அதனுடன் வரும் எண்ணையே நம்ப வேண்டும். விண்டோஸ் இயங்குதளத்தில் 53 என்ற எண் வந்தால், பெட்டி இருக்கும் இடமே கண்டறியப்படவில்லை. 1326 வந்தால் பெயரோ கடவுச்சொல்லோ பிழை. 5 வந்தால் பெட்டி உம்மைக் கேட்டது, உம் வேண்டுகையை ஆராய்ந்தது, ஆராய்ந்து மறுத்தது. வழி உண்டா, பேசும் மொழி ஒன்றா, வந்தவர் யார், வந்தவருக்கு என்ன உரிமை என்ற நான்கு வினாக்களும் இவ்வரிசையிலேயே எழுகின்றன. முன்னதற்கு விடை காணாமல் பின்னதைத் திருத்தப் புகுவோர் நாள் முழுதும் உழைத்தும் பயன் காணார்.

வழியைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. மின்தடைக்குப் பின் வழிசெலுத்தி மீண்டெழும்போது பெட்டிக்கு வேறு முகவரி வழங்கியிருக்கலாம். பெட்டிக்கு நிலையான முகவரி ஒன்றை ஒதுக்கிவிட்டால் அத்தொல்லை தீரும். கணினி தன் வலையமைப்பைப் பொதுவிடத்து வலையமைப்பு என வகைப்படுத்திக்கொண்டால் அதன் தீச்சுவர் கோப்புப் பகிர்வை முடக்கிவிடும். பிறரது கோப்புகளைத் தன்னிடம் ஏற்கும் கணினிக்கு இது பெருந்தடை. கோப்புப் பகிர்வு 445 ஆம் இலக்கத் துறை வழியாக நடப்பதால், அத்துறை திறந்திருக்கிறதா என்று சோதித்தால் முதல் வினாவுக்கு விடை கிடைத்துவிடும்.

மொழியின் கதை நெடியது. கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் எஸ்.எம்.பி. என்னும் நெறிமுறையை 1983 இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் வகுத்தார். அதன் முதற்பதிப்பு பல பத்தாண்டுகள் உலகெங்கும் வழங்கியது. 2017 மே 12 அன்று வானாக்ரை என்னும் பணயத் தீநிரல் அம்முதற்பதிப்பின் ஓட்டை வழியே புகுந்து, 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. இரண்டு கிழமைக்குள், அதே மே மாத இறுதியில், இரத்தினபுரியையும் களுத்துறையையும் வெள்ளம் மூழ்கடித்தது. இலங்கையில் 200 க்கு மேற்பட்டோர் மாண்டனர். நீரும் தீநிரலும் தரவை அழிக்கும் முறையில் வேறுபட்டவை. இரண்டுக்கும் தப்பும் நகலே காப்புநகல் என்ற பெயருக்கு உரியது. அவ்வகையில் தரவைக் காக்கும் பணியில் உழைப்போருக்கு அந்த ஒரு மாதமே பெரும்பாடம்.

வானாக்ரைக்குப் பின், 2017 ஒக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல், எஸ்.எம்.பி. முதற்பதிப்பு புதிதாக நிறுவப்படும் கணினிகளில் இயல்பாக இடம்பெறுவதில்லை. 2024 இல் வந்த விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்போ, அலுவலகங்களில் வழங்கும் புரோ வகையில், பரிமாறப்படும் ஒவ்வொரு செய்திக்கும் கையொப்பம் கேட்கிறது. கடவுச்சொல்லற்ற விருந்தினராக நுழைவதையும் ஏற்க மறுக்கிறது. ஆகவே, பத்தாண்டுக்கு முன் வாங்கிய பெட்டி நேற்றுவரை ஒழுங்காக இயங்கி, கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்ட மறுநாள் கைவிரித்தால், பெட்டி பழுதானது என்று எண்ணிவிடலாகாது. பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்து, எஸ்.எம்.பி. மூன்றாம் பதிப்பை இயக்கி, விருந்தினர் நுழைவை நீக்கிப் பெயருடைய பயனர் ஒருவரை உருவாக்குவதே முறை. இணையத்தில் பலரும் சொல்லும் குறுக்குவழி, கணினியில் முதற்பதிப்பை மீண்டும் இயக்குவது. உலகமே வருந்தி அடைத்த ஓட்டையை மீளத் திறக்கும் அச்செயலைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, வந்தவர் யார் என்னும் வினா. அலுவலகக் கணினியில் நான்கு இலக்கப் பின் எண்ணைத் தட்டி நுழையும் பெரிய கிளாக்கர், அதே எண்ணைச் சேமிப்புப் பெட்டியிடமும் தந்து பார்ப்பார். பின் எண் அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது. வலையமைப்பில் அது செல்லாது, முழுக் கடவுச்சொல்லே வேண்டும். ஒரு கணினியின் கோப்புறைக்கு மற்றொரு கணினி நகலெடுக்கும் அலுவலகங்களில் வேறொரு சிக்கல் எழும்: கடவுச்சொல்லே இல்லாத கணக்கு, தன் விசைப்பலகை முன் அமர்ந்தவரை மட்டும் ஏற்கும், வலையமைப்பு வழி வருபவரை 1327 என்ற எண்ணுடன் திருப்பி அனுப்பும். கடவுச்சொல்லை மாற்றிய பின்னரும் கணினியின் நற்சான்று நினைவகத்தில் பழையது தங்கியிருந்தால், அது இரவெல்லாம் பிழையாக முயன்று கணக்கையே பூட்டிவிடக் கூடும். அப்போது வரும் எண் 1909. ஒரே பெட்டியிடம் ஒரே வேளையில் இரண்டு பெயர்களில் சென்றாலோ 1219 வரும். பழைய இணைப்புகளை எல்லாம் துண்டித்துவிட்டு ஒரே பெயரில் மீண்டும் இணைந்தால் போதும்.

இவற்றினும் நுட்பமானதும் மிகுதியான நேரத்தை விழுங்குவதும் ஒன்று உண்டு. தெரணியகலைப் பக்கத்துத் தோட்ட அலுவலகம் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்வோம். மாதக் கடைசி. கிளாக்கர் பகலில் இசட் என்னும் எழுத்துக்குரிய இயக்ககத்தைச் சொடுக்குகிறார். சேமிப்புப் பெட்டி திறக்கிறது. செக்ரோல் கோப்பைக் கையால் இழுத்து விடுகிறார்; நகல் விழுகிறது. நள்ளிரவு ஒரு மணிக்குத் தானியங்கு காப்புநகல் தொடங்குகிறது, தோல்வி. காலையில் மீண்டும் கையால் முயன்றால் வெற்றி. பகலில் கிடைக்கும் அணுகல் இரவில் ஏன் மறைகிறது?

இசட் என்ற எழுத்து கணினியின் பொதுச்சொத்தன்று. கிளாக்கர் உள்நுழைந்து பணிபுரியும் அமர்வுக்குள் மட்டும் அது உயிர்வாழ்கிறது. இரவில் இயங்கும் காப்புநகல் சேவையோ சிஸ்டம் என்னும் கணக்கின் பெயரில், வேறோர் அமர்வில் ஓடுகிறது. அவ்வமர்வில் இசட் என்று ஒன்று இல்லவே இல்லை. மேலும், சிஸ்டம் கணக்கு தன் கணினிக்குள் பேரதிகாரம் படைத்ததாயினும், கணக்குகளை மையமாக ஆளும் டொமைன் அமையாத சிறு அலுவலக வலையமைப்பில் அதற்குப் பெயரும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை. எனவே சேமிப்புப் பெட்டி அதனை முகமறியா அந்நியராகவே கொள்கிறது. நிர்வாகி உரிமையுடன் ஒரு நிரலைத் திறந்தாலும் இதே மறைவு நேர்வதுண்டு. ஒரே மனிதர் ஒரே கணினியில் இரு வேறு உரிமைச் சீட்டுகளுடன் உலவுவதே அதற்குக் காரணம். தீர்வு எளியது. இயக்கக எழுத்தைக் கைவிட்டு, இரண்டு பின்சாய்கோடுகளில் தொடங்கிப் பெட்டியின் பெயரையும் பகிர்வின் பெயரையும் முழுமையாக எழுத வேண்டும்; காப்புநகல் மென்பொருளின் அமைப்பிலேயே பெட்டிக்குரிய பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் பதிய வேண்டும். கிளாக்கர் வீட்டுக்குப் போனாலும், கணினியில் எவரும் உள்நுழையாதிருந்தாலும், நகல் நடைபெறும்.

அதற்குப் பின்னும் 5 என்ற எண் வருமானால் சிக்கல் உரிமையில் இருக்கிறது. இங்கே இரண்டு அடுக்கு உண்டு: பகிர்வின்மீது வழங்கிய அனுமதி ஒன்று, வட்டிலுள்ள கோப்புறையின்மீது வழங்கிய அனுமதி மற்றொன்று. தேயிலைத் தொழிற்சாலையின் வாயிற்காவலர் உள்ளே விட்டாலும் களஞ்சியச் சாவி இல்லாதவர் தேயிலைப் பெட்டியைத் தொட முடியாது. சாவி இருந்தும் வாயிலில் மறிக்கப்பட்டவரும் தொட முடியாது. இரு அடுக்கும் தருவதில் குறுகியது எதுவோ அதுவே கிடைக்கும். பகிர்வில் முழு அனுமதி கொடுத்துவிட்டோமே என்று வியப்போர், பெரும்பாலும் கோப்புறை அனுமதியைப் பாராதவர்களே. லினக்சில் இயங்கும் பெட்டிகளிலும், எஸ்.எம்.பி. பகிர்வை நடத்தும் சாம்பா மென்பொருளின் அமைப்பு ஓர் அடுக்காகவும், அடியிலுள்ள கோப்பு உரிமைகள் மற்றோர் அடுக்காகவும் அமைந்து இதே விதியைப் பின்பற்றுகின்றன.

இவ்விடத்தில் சலிப்புற்றோர் செய்யும் காரியம் ஒன்று என்னைப் பெரிதும் கவலையுறச் செய்கிறது. அனைவருக்கும் முழு அனுமதி என்று இரு அடுக்கையும் திறந்துவிடுகிறார்கள். பிழை உடனே மறைந்துவிடும், நகலும் விழும். ஆனால் கிளாக்கரின் கணினியில் பணயத் தீநிரல் ஒன்று புகுந்தால், அது கிளாக்கரின் பெயரில் சேமிப்புப் பெட்டிக்கும் சென்று அத்தனை நகல்களையும் பூட்டும். 2023 ஆகஸ்ட் 26 அன்று இலங்கை அரசின் மேகக்கணிமை இவ்வகைத் தாக்குதலுக்கு உள்ளானது. சேவைகளுடன் இணைப்பிலிருந்த காப்பு அமைப்பும் சேர்ந்தே பூட்டப்பட்டது. இணைப்புக்கு வெளியே வைத்த நகல் இல்லாமையால், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள், அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச முகவரிகளுக்கு உரியவை, மீளாமற் போயின. அரசுக்கே நேர்ந்தது தோட்ட அலுவலகத்துக்கு நேராது என்பதற்கு உறுதி ஏது?

சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975 இல் கணினிப் பாதுகாப்புப் பற்றி எழுதிய ஆய்வுரையில் வலியுறுத்திய கொள்கை, எவருக்கும் தத்தம் பணிக்கு வேண்டிய அளவு உரிமையே போதும் என்பது. அதன்படி, காப்புநகலுக்கென்றே தனிப்பயனர் ஒருவரைப் பெட்டியில் உருவாக்கி, அவருக்கு மட்டும் அக்கோப்புறையில் எழுதும் உரிமை தரலாம். தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கோ கிளாக்கருக்கோ அங்கே படிக்கும் உரிமை போதும். அது பதவியைக் குறைப்பதன்று, அவர்கள் பெயரில் வரும் தீநிரலின் கையைக் கட்டுவது. இவற்றோடு, கிழமைக்கொரு முறை நகலெடுத்துக் கழற்றி வைக்கும் புறவட்டு ஒன்றும் கட்டாயம் வேண்டும். அது வெள்ளம் எட்டாத, மண் சரியாத வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். பெட்டியும் கணினியும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் அலுவலகத்துக்கு இது தவிர வேறு வழியில்லை.

மீட்கும் வேளையிலும் அணுகல் மறுக்கப்படக்கூடும் என்பதைப் பலர் எண்ணுவதில்லை. விண்டோஸ் கோப்புறை அனுமதிகள் மனிதரின் பெயரால் அன்றி, அந்தந்தக் கணினி வழங்கிய அடையாள எண்ணால் எழுதப்படுகின்றன. பழைய கணினி வெள்ளத்தில் போய், புறவட்டைப் புதிய கணினியில் செருகினால், அந்த எண்ணுக்கு உரியவர் அங்கே இல்லை. கோப்புறை திறக்க மறுக்கும். நிர்வாகி உரிமையுடன் கோப்புறையின் உடைமையைத் தன்பால் மாற்றிக்கொண்டால் அது திறக்கும். தரவுக்கு ஒன்றும் நேர்ந்திராது. ஆனால் வட்டு பிட்லாக்கர் என்னும் விண்டோஸ் மறையாக்க வசதி கொண்டு பூட்டப்பட்டு, திறக்கும் கடவுச்சொல்லை அறிந்தவரும் கைக்கெட்டாது போனால், உடைமை மாற்றம் உதவாது. 48 இலக்க மீட்பு எண் கட்டாயம் வேண்டும். அவ்வெண்ணைத் தாளில் எழுதி, வட்டோடும் வைக்காமல் கணினியோடும் வைக்காமல், தலைமை அலுவலகப் பெட்டகத்தில் வைக்கலாம். மாதம் ஒருமுறை, செக்ரோலின் பழைய மாதம் ஒன்றைப் புறவட்டிலிருந்து வேறொரு கணினியில் மீட்டு, யாரேனும் ஒரு தொழிலாளியின் பேர்க்கணக்கை அச்சிட்ட சம்பளச் சீட்டோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைக்கு அரைமணி நேரம் ஆகும்.