ஏட்டில் எழுதிய சம சம்பளம்

ராஜ்யங்கள் கூடிக் கையொப்பமிடும் உடன்படிக்கைகளில் ஜனங்களுக்கு அனுகூலமான ஷரத்துக்களுக்கு என்றும் குறைவில்லை. அவற்றை நிறைவேற்ற வேண்டிய தவணை நெருங்கும்போதுதான் சர்க்கார்களின் உண்மையான மனோபாவம் வெளிப்படுகிறது. இதற்கு ஐரோப்பாவின் சம சம்பள வாக்குறுதியே போதிய சான்றாகும்.

1957-ஆம் வருஷம் மார்ச்சு 25-ஆம் தேதி பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், ஹாலந்து, லக்ஸம்பர்க் ஆகிய ஆறு தேசங்கள் ரோமாபுரியில் உடன்படிக்கை செய்துகொண்டன. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்பது அதன் 119-வது ஷரத்து. ஸ்திரீகள்பால் சுரந்த கருணையால் பிறந்ததன்று அது. பிரான்சில் அத்தகைய சட்டம் முன்னரே இருந்தது. அண்டை நாடுகள் பெண்களுக்குக் குறைந்த கூலி கொடுத்து மலிவாகச் சரக்குச் செய்தால் தன் நெசவாலைகள் நஷ்டமடையுமென்று அது அஞ்சிற்று. காரணம் எதுவாயினும் வாக்கு வாக்கே. அதற்குத் தவணையும் குறிக்கப்பட்டது: 1961 முடிவு.

தவணை தீர ஒரே நாள் இருக்கையில், டிசம்பர் 30-ந் தேதி, அந்தச் சர்க்கார்கள் மீண்டும் கலந்தன. சம்பளத்தை உயர்த்தவா? அன்று, தவணையை 1964 முடிவு வரை நீட்டித் தீர்மானம் செய்வதற்கு! அந்தத் தவணையும் கழிந்தது. 1966-ல் பெல்ஜியத்தின் ஹெர்ஸ்டால் ஆயுதத் தொழிற்சாலையில் சுமார் 3,000 பெண்கள் சம சம்பளம் கேட்டு 12 வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். வாக்குத் தவறிய ராஜ்யங்களை நியாயஸ்தலத்துக்கு இழுக்கும் அதிகாரம் படைத்த ஐரோப்பியக் கமிஷனோ வழக்குத் தொடராமல் வாளாவிருந்தது.

முடிவில் வழக்காட முன்வந்தவர் ஒரு விமானப் பணிப்பெண். சபேனா கம்பெனி ஊழியரான காப்ரியேல் டெஃப்ரேனுக்கு, அதே வேலை செய்த ஆண்களைவிடக் குறைந்த சம்பளம். 40 வயதானதும் வேலையும் போயிற்று. ஆண்களுக்கு அந்த வயது வரம்பில்லை. அவருக்காக வாதித்த வக்கீல் எலியான் வோகல்-போல்ஸ்கி 119-வது ஷரத்தையே ஆதாரமாகக் கொண்டார். செலவு தாங்காது என்று பிரிட்டிஷ், ஐரிஷ் சர்க்கார்கள் முறையிட்டன. 1976 ஏப்ரல் 8-ல் ஐரோப்பிய நியாயஸ்தலம் தீர்ப்பளித்தது. அந்த ஷரத்து சர்க்கார்களுக்குக் கூறிய வெறும் புத்திமதியன்று. எந்தப் பெண்ணும் தன் தேசத்து நியாயஸ்தலத்தில் நேரே கோரத்தக்க உரிமை. 1961-ம் வருஷத் தீர்மானத்தால் உடன்படிக்கையின் தவணையை மாற்ற முடியாது என்றார்கள் நியாயாதிபதிகள்.

ஆயினும் அத்தீர்ப்பில் ஒரு முள் இருந்தது. அதற்குமுன் வழக்குத் தொடராதவர்கள் பழைய பாக்கியைக் கேட்கலாகாது என்றும் விதித்தார்கள். பதினான்கு வருஷத்துக் கடன் ஒரே வரியில் தள்ளுபடி! கடன்பட்டவன் எவ்வளவு நாள் இழுத்தடிக்கிறானோ அவ்வளவும் அவனுக்கு லாபம் என்பதல்லவா இதன் பொருள்?

இவ்வளவு குறையிருந்தும், பெண்களுக்கு வழக்காடும் வழியேனும் கிடைத்தது. ஏழைகளுக்கு அதுவும் இல்லை. வறுமையில் உழல்வோரில் 2 கோடிப் பேரை 2020-க்குள் கரையேற்றுவோம் என்று 2010-ல் ஐரோப்பிய யூனியன் பிரகடனம் செய்தது. இலக்கு எட்டப்படவில்லை. இடையே 2017-ல் கோதன்பர்க் நகரில் 20 சமூகக் கோட்பாடுகளைப் பிரகடனம் செய்தார்கள். பிரிட்டன் விலகியபின், 2021-ல் போர்ட்டோ நகரில் புதிய வாக்கு: 2030-க்குள் 1½ கோடிப் பேர். பழைய வாக்கு தவறியதற்கு எந்தச் சர்க்கார் அபராதம் கட்டிற்று? எந்த ஏழை அப்பிரகடனத்தைக் கையிற்கொண்டு நியாயஸ்தலப் படியேற முடிந்தது?

ஆதலால் பொதுநல ஊழியர்கள் எந்தச் சர்க்காரின் வாக்குறுதியைக் கேட்டாலும் உடனே கரகோஷம் செய்யலாகாது. தவணை என்ன? தவறினால் தண்டனை யாருக்கு? சாமானியன் ஒருவன் அதைக் கொண்டு வழக்காடலாமா? இம்மூன்றையும் முதலில் கேட்க வேண்டும். விடையில்லாத வாக்குறுதி ஏட்டுச் சுரைக்காயே. அது எவர் வீட்டுக் கறிக்கும் உதவாது.